கரும்பு எது, மரவள்ளி எது?



பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் நம் அலுவலகத்துக்கும் சீசன்தான். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, கட்ஆஃப் எவ்வளவு என்று காலையிலிருந்தே போன் வரும். நர்சிங், பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பழகிய பெயர்களாகவே இருக்கும். இந்த முறை மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்திலிருந்து பேசிய ஓர் அம்மா புதிதாக ஒன்று கேட்டார்: "சார், பையன் ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ்தான் படிப்பேங்கறான். அது கம்ப்யூட்டர் படிப்பா, நிலம் அளக்கிற படிப்பா? ஊர்ல கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. படிச்சா வேலை கிடைக்குமா சார்?"

அதே வாரம் வடபொன்பரப்பித் தம்பி ஒருவர் சென்னையிலிருந்து எழுதியிருந்தார். தொலையுணர்வில், அதாவது செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் துறையில், எம்.எஸ்சி. முடித்தவர். ஒரு நிறுவனத்தில் இரவு ஷிப்ட். ஏதோ ஓர் அயல்நாட்டு நகரத்தின் வான்படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, வீடு வீடாகக் கூரையின் ஓரத்தில் கோடு இழுக்கும் வேலை. வாடகையும் மெஸ்ஸும் போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சுவதில்லையாம். "இதுக்காண்ணா இவ்வளவு படிச்சேன்?" என்று முடித்திருக்கிறார்.

இரண்டும் ஒரே குடும்பத்துப் படிப்புதான். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்த மாதப் பக்கம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் படிக்கலாம். ஆனால் இதை மட்டும் படித்துவிட்டு நிற்கக் கூடாது. செயற்கைக்கோள் படத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு, அந்தப் படத்துக்குள் இருப்பது என்ன என்றும் தெரிந்திருக்க வேண்டும். பயிர், தண்ணீர், காடு, பட்டா என்று ஏதாவது ஒன்றில் காலூன்றியவருக்கு இந்தப் படிப்பு நல்ல வேலையைத் தருகிறது. ஊன்றாதவரைக் கூரைக்குக் கோடு இழுக்க உட்கார்த்திவிடுகிறது.

சங்கராபுரத்திலிருந்து மேற்கே கல்வராயன் அடிவாரம் வரை போய்ப் பாருங்கள். சாலைக்கு இரு பக்கமும் கரும்பு, மரவள்ளி, நெல், மக்காச்சோளம் என்று மாறி மாறி வரும். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பையனே எது என்ன என்று சொல்லிவிடுவான். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, ஐந்து நாளுக்கு ஒரு முறை, இதே நிலத்தைப் படமெடுக்கின்றன. அந்தப் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் சொன்னால் இரண்டரை சென்ட். ஓர் ஏக்கருக்கு 40 கட்டம். இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட் வரிசையில் உள்ள லிஸ்-4 கேமராவுக்குக் கட்டம் 5.8 மீட்டர். ஒரு சென்ட்டுக்கும் குறைவு. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டையும் கழித்துக் கூட்டி வகுத்தால் பயிர் எவ்வளவு செழிப்பு என்று ஓர் எண் கிடைத்துவிடும்.

இது வரை பாடப் புத்தகம். இதற்குப் பிறகுதான் சிக்கல். நட்டு நான்கு மாதமான கரும்பும் மரவள்ளியும் ஒற்றைப் படத்தில் பார்த்தால் இரண்டும் பச்சைதான். அவற்றைப் பிரித்துக் காட்டுவது நாள்கணக்கு. நெல் நான்கு மாதத்தில் அறுவடையாகிவிடும். மரவள்ளி எட்டிலிருந்து பத்து மாதம். கரும்பு பத்திலிருந்து பன்னிரண்டு மாதம். வெட்டிய பிறகு கட்டைக்கரும்பு விட்டால், உழவும் நடவும் இல்லாமலே அதே கொல்லை மறுபடி பச்சையாகும். ஒரு வருஷப் படங்களை வரிசையாக அடுக்கி இந்த ஏற்ற இறக்கத்தைப் படிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவருக்கு முதலில் இந்தப் பயிர்ப் பருவக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். மரவள்ளியில் 2020 வாக்கில் நுழைந்த மாவுப்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். குருத்து சுருங்கி இலை கொட்டிய கொல்லை, மேலிருந்து பார்த்தால் தண்ணீர் இல்லாமல் வாடியது போலத்தான் தெரியும். வறட்சியா பூச்சியா என்று வரப்பில் இறங்கி, ஓர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து சொல்ல ஆள் வேண்டும். களச் சரிபார்ப்பு என்று இதற்குத் தனிப் பாடமே இருக்கிறது. வகுப்பில் அதற்கு ஒதுக்கும் நேரம்தான் குறைவு.

இந்தத் தகவல் யாருக்குத் தேவை? மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்கு எந்த ஊரில் எத்தனை ஏக்கர் கரும்பு நிற்கிறது, எது எந்த மாதத்து நடவு என்பது சரியாகத் தெரிந்தால்தான் கட்டிங் ஆர்டர் ஒழுங்காகப் போகும். பயிர்க் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இதே தகவல்தான் தேவை. விவசாயக் கடன் தரும் வங்கிக்கும், விதை விற்கும் கம்பெனிக்கும்கூட. டெல்லியில் 2012-ல் தொடங்கிய மகலனோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் இந்தப் பயிர்க் கணக்கைத்தான் நாடு முழுமைக்கும் போடுகிறது.

நம் சம்பாவுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பயிர் நிற்கும் ஐப்பசி கார்த்திகையில் வானம் முழுக்க மேகம். சாதாரணக் கேமராவுக்கு மேகத்தின் முதுகு மட்டும்தான் தெரியும். அதனால் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறை ராடார் படங்களைப் பிடித்துக்கொண்டது. ராடார் அலை மேகத்தைத் தாண்டிப் போகும். நாற்று நட்டுத் தண்ணீர் தேங்கிய வயலில் பட்டால் வந்த பக்கம் திரும்பாமல் சறுக்கிப் போய்விடும்; படத்தில் அந்த வயல் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளர, தண்டிலும் இலையிலும் பட்டுத் திரும்பும் அலை கூடிக்கொண்டே வரும். கறுப்பில் தொடங்கி வெளுத்துக்கொண்டே போகும் கட்டம் நெல். 2016-17 வறட்சியில் தமிழ்நாட்டு சம்பா காப்பீட்டுக்கு இந்த முறை கைகொடுத்தது. விதைக்கவே முடியாமல் போன நிலம் எது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தால் எத்தனை மாதம் ஆகியிருக்கும்! 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து அனுப்பிய நைசார் செயற்கைக்கோளும் ராடார்தான். பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தைப் பார்க்கும். அதன் படங்களைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இனி வரும் வருஷங்களில் தேவை கூடும் என்பது என் கணிப்பு. கல்லூரியில் ராடார் விருப்பப் பாடமாக இருந்தால், கஷ்டம் என்று மற்றவர்கள் விலகினாலும், அதையே எடுங்கள்.

தண்ணீர் பக்கம் வருவோம். 2024 டிசம்பர் 2 அதிகாலையை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் தொடங்கிக் கடலூர் வரை வெள்ளம். வெள்ளம் வந்த பிறகு எங்கெங்கே தேங்கியது என்று செயற்கைக்கோள் படத்தில் வரைந்து காட்டிவிடலாம். மக்களுக்குத் தேவைப்பட்டது அதற்கு முந்தைய கணக்கு. இத்தனை கன அடி வந்தால் எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும், எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும்? இதைச் சொல்ல நிலத்தின் மேடு பள்ளம் துல்லியமாக வேண்டும். உலகின் பெரும்பகுதிக்கு இலவசமாகக் கிடைக்கும் உயர வரைபடம் ஒன்று 2000-ம் ஆண்டு விண்கலத்திலிருந்து ராடார் வைத்து எடுத்தது; அதில் சில மீட்டர் பிசகு இருக்கும். நம் ஆற்றின் கரைமேடே அந்த உயரம்தானே. ட்ரோன் பறக்கவிட்டு, இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் டிஜிபிஎஸ் கருவியோடு கரை முழுக்க நடந்து இந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. தென்பெண்ணை, மணிமுத்தாறு, கோமுகி என்று நம் மாவட்டத்துக்கே ஒரு பிள்ளையின் வேலைக்காலம் முழுக்கப் போதுமான வேலை கிடக்கிறது. அரசு அதற்கு ஆள் போட வேண்டும் என்பது வேறு விஷயம். போடச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும்.

மலைக்கு மேலே போனால் விஷயம் இன்னும் நுட்பமாகிவிடுகிறது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சமவெளியில் வெள்ளைக்காரன் காலத்திலேயே சங்கிலி போட்டு அளந்து சர்வே எண் கொடுத்தாகிவிட்டது. மலையில் பரம்பரையாக உழுதவர் கையில் காகிதம் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காக வந்ததுதான் 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த நிலம் அனுபவத்தில் இருந்தது என்று காட்ட வேண்டும். பழைய செயற்கைக்கோள் படம் இங்கே உதவுமா? உதவும். அமெரிக்காவின் லேண்ட்சாட் 1972 முதல் படம் எடுத்து வருகிறது. 2008-லிருந்து அந்தச் சேமிப்பு முழுக்க இலவசம். ஆனால் அந்தக் காலப் படத்தில் ஒரு கட்டமே 30 மீட்டர், அதாவது 22 சென்ட். பலா மரத்தடியில் சாமையும் கேழ்வரகும் போட்டிருந்த துண்டு நிலம் அதில் புதராகத்தான் தெரியும். இரண்டு வருஷம் தரிசாகப் போட்டிருந்தால் காடே என்று எழுதிவிடுவார்கள். இதை யோசித்துத்தான் 2012-ல் திருத்திய விதிகளில் ஒரு வாசகம் சேர்த்தார்கள்: செயற்கைக்கோள் படம் மற்ற சான்றுகளுக்குத் துணையாக இருக்கலாம், அவற்றுக்கு மாற்றாகக் கூடாது. வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ பிறந்த ஒரு பிள்ளை இந்தப் படிப்பைப் படித்துவிட்டுக் கிராம சபையில் அந்தப் படத்தை விரித்துவைத்து, "இது புதர் இல்லை, எங்க தாத்தா கொல்லை, இந்தப் பாறைதான் எல்லை" என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். வெளியூர் நிபுணர் எவராலும் அப்படிச் சொல்ல முடியாது.

காட்டுத்தீயும் இதே கதைதான். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோளில் தெரியும் தீப்புள்ளிகளை, பதிவு செய்தவர்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. அந்தப் புள்ளியின் கட்டம் 375 மீட்டர். 35 ஏக்கர் வரும். அந்த 35 ஏக்கருக்குள் காடு எரிகிறதா, யாராவது கொல்லையில் சருகு கொளுத்துகிறார்களா, எந்த ஒத்தையடிப் பாதையில் ஏறினால் சீக்கிரம் போகலாம் என்பதெல்லாம் குறுஞ்செய்தியில் வராது.

சரி, வேலைக்கு வருவோம். எங்கெங்கே கிடைக்கிறது?

அரசில் இந்தப் பட்டத்தின் பெயரைச் சொல்லி நேரடியாக ஆள் எடுப்பது குறைவு. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 2022-ல் டிஎன்பிஎஸ்சி நில அளவர், வரைவாளர் பணிகளுக்கு 1,089 இடங்களை அறிவித்தபோது அடிப்படைத் தகுதியாகக் கேட்டது சிவில் டிப்ளமோ அல்லது ஐடிஐயில் சர்வேயர், வரைவாளர் சான்றிதழ். எம்.எஸ்சி. என்ற பெரிய பட்டம் அங்கே தானாகக் கதவைத் திறக்காது. ஆகவே அரசு வேலைதான் குறி என்றால், படிப்பில் சேருவதற்கு முன்பே பழைய அறிவிப்புகளை எடுத்துக் கல்வித் தகுதிப் பத்தியை ஒரு வரி விடாமல் படியுங்கள். படித்து முடித்த பிறகு சமநிலைச் சான்றுக்கு அலைவது பெரிய பாடு.

ஆராய்ச்சி நிறுவனங்களில் நிலைமை மேல். ஹைதராபாத்தில் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம், சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே உள்ள தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம், மாநில மின்னாளுமை முகமையின் புவித்தகவல் பிரிவு போன்ற இடங்களில் திட்டப் பணியாளர்களை எடுக்கிறார்கள். நெட் அல்லது கேட் தேறி இளநிலை ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். குறை என்னவென்றால் பலவும் ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். கேட் தேர்வில் 2022 முதல் இந்தத் துறைக்கு ஜியோமேடிக்ஸ் என்றே தனித் தாள் வந்துவிட்டது. அதில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

தனியார் துறையில் கதவு திறந்தது 2021 பிப்ரவரி 15 அன்று. அதுவரை துல்லியமான வரைபடம் தயாரிக்க எங்கெங்கோ அனுமதி கேட்டு நிற்க வேண்டும். அன்றைய வழிகாட்டு நெறிமுறை இந்திய நிறுவனங்களுக்கு அந்தக் கட்டுகளைப் பெரும்பாலும் அவிழ்த்துவிட்டது. 2022 டிசம்பரில் தேசியப் புவிசார் கொள்கையும் வந்தது. பெங்களூரின் பிக்ஸல் நிறுவனம் 2025 ஜனவரியில் சொந்தச் செயற்கைக்கோள்களையே அனுப்பிவிட்டது. சாட்ஷ்யூர் போன்ற நிறுவனங்கள் விவசாயக் கடனுக்கும் காப்பீட்டுக்கும் நிலத் தகவல் தருகின்றன. வளைகுடா நாடுகளில் நகராட்சி, மின்சாரம், குழாய்ப் பாதை வேலைகளில் நம்மவர்கள் ரொம்ப நாளாகவே இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் வடபொன்பரப்பித் தம்பிக்கு ஒரு வார்த்தை. கூரைக்குக் கோடு இழுக்கும் வேலை நிலைக்காது. 2021-ல் கூகுள் ஆப்பிரிக்காவில் கட்டடங்களின் எல்லைக்கோட்டைக் கம்ப்யூட்டரையே வரையவைத்து இலவசமாக வெளியிட்டது. பிறகு அது தெற்காசியாவுக்கும் வந்துவிட்டது. மைக்ரோசாஃப்டும் அப்படியே. அதனால் சம்பளம் குறைவு என்பதைவிட, அந்த நாற்காலியே எத்தனை நாள் இருக்கும் என்பதுதான் உங்கள் கவலையாக இருக்க வேண்டும். ஆறு மாதம் ஒதுக்குங்கள், தம்பி. பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம்; கூகுள் எர்த் எஞ்ஜினும் படிப்பவர்களுக்கு இலவசம். டேராடூனில் 1966 முதல் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் கட்டணமில்லாமல் பாடம் நடத்துகிறது. ஊருக்கு வரும்போது உங்கள் ஏரியையோ அப்பாவின் கரும்புக் கொல்லையையோ எடுத்துக்கொண்டு, ஐந்து வருஷப் படங்களை அடுக்கி, நேரில் போய்ச் சரிபார்த்து ஒரு வரைபடம் செய்யுங்கள். நேர்முகத் தேர்வில் மற்றவர்கள் பயிற்சிக்குக் கொடுத்த அயல்நாட்டுப் படத்தைக் காட்டுவார்கள். நீங்கள் உங்கள் ஊரைக் காட்டி, எங்கே தவறியது, ஏன் தவறியது என்பது வரை பேசலாம். ட்ரோன் ஓட்டும் உரிமமும் யோசிக்கத்தக்கதுதான். பதினெட்டு வயதும் பத்தாம் வகுப்பும் இருந்தால் போதும். ஆனால் ஓட்டத் தெரிந்தவர்கள் பெருகிக்கொண்டிருக்கிறார்கள். எடுத்த படத்தை வைத்து என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் அவ்வளவு பெருகவில்லை.

மூங்கில்துறைப்பட்டு அம்மாவுக்கு: உங்கள் பையன் கேட்கும் படிப்பு இரண்டும்தான் அம்மா, கம்ப்யூட்டரும் நிலம் அளப்பதும். புதுப் படிப்பு என்று பயப்பட வேண்டாம். கிண்டிப் பொறியியல் கல்லூரி தொடங்கியதே நில அளவைக்காகத்தான். 1794-ல் மைக்கேல் டாப்பிங் என்பவர் ஜார்ஜ் கோட்டையில் எட்டு மாணவர்களோடு ஆரம்பித்த சர்வே பள்ளி அது. இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் அளவைக்கும் 1802-ல் லாம்டன் என்பவர் அடிக்கோடு போட்டது பரங்கிமலையில். கிண்டியில் பி.இ. ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். கிடைக்கவில்லை என்றால் சிவில், வேளாண்மை, நிலவியல், புவியியல் என்று ஏதாவது ஒரு துறையில் இளநிலை படிக்கட்டும். முதுநிலையில் இதைப் பிடித்துக்கொள்ளலாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுத் துறை இருக்கிறது, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறை இருக்கிறது. உண்மையைச் சொன்னால் இந்த இரண்டாவது வழியே எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. ஒரு துறையில் கால் ஏற்கெனவே ஊன்றியிருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களும் உண்டு. பாதி வேலை திரைக்கு முன்னால். மீதி வேலைக்கு வரப்பில் நடக்க வேண்டும். களை எடுக்கவும் கரும்பு வெட்டவும் நடக்கும் பெண்கள் உள்ள ஊரில் இதென்ன கேள்வி?

நம் மாவட்டத்திலிருந்து போய் இந்தத் துறையில் வேலை பார்க்கும் வாசகர்கள் இருந்தால் எழுதுங்கள். எங்கே படித்தீர்கள், முதல் வேலை எப்படிக் கிடைத்தது, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று ஒரு பக்கம் போதும். சம்பளத்தையும் மறைக்காமல் எழுதினால் பெற்றோருக்கு உதவியாக இருக்கும். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். கலந்தாய்வு தொடங்குவதற்குள் வந்து சேரும் கடிதங்கள் அடுத்த இதழிலேயே வரும்.

அன்புடன்,
ஆசிரியர்